வாரம் ஒரு எபிசோட், நாலு வருடம்: நெக்ஸ்ட் ஜெனரேஷனைக் கூடிப் பார்த்த அனுபவம்

போன மாதம் ஒருவழியாக முடித்தோம். 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடர், 1987இலிருந்து 1994 வரை வந்த 7 சீசன், 178 எபிசோட். சனிக்கிழமைக்கு ஒன்று என்று சிங்கப்பூர் அங் மோ கியோவில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் உட்கார்ந்து பார்ப்பது, முடிந்ததும் கீழே காப்பிக்கடைக்கு இறங்கி, கடைசி பஸ் போகும்வரை வாதாடுவது. தீபாவளி, சீனப் புத்தாண்டு, காய்ச்சல், ஊர்ப் பயணம் என்று விட்டுப்போன வாரங்களையும் சேர்த்து நாலு வருடம் ஆகிவிட்டது.

நான் இதே தொடரை முன்பு தனியாக, இரவுக்கு நாலு எபிசோட் வீதம் பார்த்தவன். அப்போது பார்த்ததில் பாதி இன்று நினைவில் இல்லை. இந்த முறை ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது, அதில் யார் என்ன சொன்னார் என்பது உட்பட.

ஏழு பேராகத் தொடங்கி ஐந்து பேராக முடித்தோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் (எங்கள் எல்லாருக்கும் டீச்சர்), கப்பல் பட்டறையில் வேலை செய்யும் அண்ணன், அவர் மனைவி (எங்களுக்கு அண்ணி), நான், என் அக்கா மகன் (எல்லாருக்கும் தம்பி). தம்பி நடுவில் தேசிய சேவைக்குப் போய்விட்டான். வெள்ளிக்கிழமையாக இருந்ததை அவன் முகாமிலிருந்து புக் அவுட் ஆகி வீட்டுக்கு வரும் நேரம் பார்த்துத்தான் சனிக்கிழமைக்கு மாற்றினோம். விதி மூன்றுதான். படம் முடிந்ததும் பேசுவதற்கு முன் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஆளாளுக்குத் தாளில் எழுத வேண்டும். அடுத்த எபிசோடை யாரும் முன்கூட்டியே பார்க்கக் கூடாது. முடிந்தவரை தமிழில் பேச வேண்டும். மூன்றாவது விதி டீச்சர் போட்டது, முதலில் நான் எதிர்த்தேன். விண்கலத்தைப் பற்றித் தமிழில் எப்படிச் சண்டை போடுவது என்று நினைத்தேன். டிரான்ஸ்போர்டர், ஹோலோடெக் என்று தொடரில் வரும் கருவிப் பெயர்கள் எல்லாம் அப்படியே இருந்துவிட்டன, ஆனால் 'பிரைம் டைரக்டிவ்' (வேற்றுலக மக்களின் போக்கில் தலையிடக் கூடாது என்ற விதி) மூன்றாவது மாதத்திலேயே 'தலையாய விதி' ஆகிவிட்டது. இப்போது வேறு எப்படியும் சொல்ல வரவில்லை.

முதல் சீசன் கஷ்டம், அதை மறைக்க வேண்டாம். தொடக்கத்திலேயே வரும் 'கோட் ஆஃப் ஹானர்' எபிசோடில் ஒரு கிரகத்து மக்கள் எல்லாரையும் கறுப்பின நடிகர்களாகப் போட்டு, பழங்குடி என்றால் இப்படித்தான் என்று காட்டியிருக்கிறார்கள். அந்தத் தொடரில் நடித்தவர்களே பிற்பாடு அதைக் கண்டித்திருக்கிறார்கள். பாதியில் டீச்சர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அன்றைக்குத்தான் இரண்டு பேர் நின்றுபோனார்கள். இரண்டாவது சீசன் முடிவில் வரும் 'ஷேட்ஸ் ஆஃப் கிரே' பழைய காட்சிகளை ஒட்டிப்போட்ட எபிசோட், புதிதாகச் சேருபவர்கள் தாராளமாகத் தாண்டலாம்.

ஆனால் அதே இரண்டாவது சீசனில்தான் 'தி மெஷர் ஆஃப் எ மேன்' இருக்கிறது, 1989இல் வந்தது. டேட்டா என்ற இயந்திர மனிதனைப் பிரித்துப் பார்க்க ஒருவர் கேட்கிறார். மறுக்க அவனுக்கு உரிமை உண்டா, இல்லை அவன் வேலை செய்யும் விண்வெளிப் படையான ஸ்டார்ஃபிளீட்டின் உடைமையா என்பது வழக்கு. கப்பலின் துணைத் தலைவரும் நண்பருமான ரைக்கரே அவனுக்கு எதிராக வாதாட வேண்டிய கட்டாயம், வாதத்தின் உச்சத்தில் சுவிட்சை அமுக்கி அவன் இயக்கத்தையே நிறுத்திவிடுகிறார். டேட்டா வெறும் இயந்திரம்தான் என்ற பக்கம் அண்ணன் நின்றார், பட்டறையில் கிரேனுக்கு யாரும் உரிமை கேட்பதில்லை என்றார். பேச்சு எங்கெங்கோ போனது. கப்பலின் மதுக்கூடத்தை நடத்தும் கைனன் கேப்டன் பிக்கார்டிடம், தூக்கிப்போடத் தக்க உயிர்களை ஒரு கூட்டமாக உருவாக்கினால் அவர்களை என்ன செய்வோம் என்ற பொருளில் பேசும் காட்சிக்கு வந்தபோது டீச்சர் தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னார். கங்காணி கூட்டிவந்து மலாயா ரப்பர் தோட்டத்தில் விட்ட ஆள் அவர். "கிராணி (தோட்டத்து எழுத்தர்) கணக்கில் அவர் ஒரு தலை, அவ்வளவுதான்பா" என்றார். அண்ணன் அதற்கப்புறம் கிரேனைப் பற்றிப் பேசவில்லை. அந்த ஒரு எபிசோடுக்கு இரண்டு சனிக்கிழமை போனது. தனியாகப் பார்த்தபோது இது எனக்கு ரோபோ கதையாகத்தான் இருந்தது.

'டார்மோக்', ஐந்தாவது சீசன், 1991. எனக்குப் பிடித்த விவாதம் இதுதான். டமேரியர்கள் என்ற வேற்றுலக மக்கள் பேசுவதில் ஒவ்வொரு சொல்லும் மொழிபெயர்ப்புக் கருவிக்குப் புரிகிறது, பொருள் மட்டும் புரியவில்லை, ஏனென்றால் அவர்கள் முழுக்கத் தங்கள் கதைகளைச் சுட்டித்தான் பேசுகிறார்கள். 'ஷாக்கா, சுவர்கள் விழுந்தபோது' என்றால் தோல்வி. குளிரில் நடுங்கும் பிக்கார்டுக்கு டமேரியக் கேப்டன் டேத்தான் நெருப்பைத் தூக்கிப்போடும்போது 'டெம்பா, கைகளை விரித்தபடி' என்பார். நான் அன்றைக்கு 6 போட்டேன், அண்ணன் 5. எங்கள் வாதம் இதுதான்: கதை தெரியாத குழந்தைக்கு இந்த மொழியை எப்படிச் சொல்லித்தருவார்கள்? திருகாணியை மூன்று சுற்று இறுக்கு என்பதை எந்தக் கதையை வைத்துச் சொல்வார்கள்?

டீச்சர் தே ஓ கோசோங்கை (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு எங்களைக் கேட்டார்: "கும்பகர்ணன் மாதிரித் தூங்காதே என்று உன்னை எழுப்பும்போது உனக்கு ராமாயணம் தெரியுமா? அனுமார் வால் மாதிரி வரிசை நிற்கிறது என்கிறாய், திரிசங்கு நிலைமை என்கிறாய், சகுனி வேலை என்கிறாய். டெம்பா கையை விரித்தால் என்ன, பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தால் என்ன?" சொல்லைப் பழகியபிறகுதான் கதை வந்து சேருகிறது, நம் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. திருகாணிக்குப் பதில் சொன்னது தம்பி. முகாமில் அவர்கள் பேசிக்கொள்ளும் சுருக்கங்கள் வெளியாட்களுக்கு ஒன்றும் புரியாதாம், ஆனால் வேலை மட்டும் மணியாக நடக்கிறதாம். பிக்கார்ட் கடைசியில் பழங்கால மெசபடோமியக் காவியமான கில்கமேஷ் கதையை, சாகக்கிடக்கும் டேத்தானுக்குச் சொல்வது ஏன் அத்தனை சரியான காட்சி என்பது எனக்கு அன்றிரவு பஸ்ஸில்தான் உறைத்தது. மறுவாரம் மதிப்பெண்ணைத் திருத்த அனுமதி கேட்டேன். கொடுக்கவில்லை, 6 அப்படியே இருக்கிறது.

நடைமுறைச் சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். நாலாவது சீசன் நடுவில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இணையச் சேவையிலிருந்து தொடர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. மூன்று வாரம் கூடிவிட்டுச் சும்மா கலைந்தோம். அப்புறம் காசு போட்டு புளூரே தட்டுகள் வாங்கினோம். அசல் ஃபிலிமை மறுபடி ஸ்கேன் செய்து 2012இலிருந்து வெளியிட்டது அது, படம் அவ்வளவு தெளிவு, முதலிலேயே வாங்கியிருக்கலாம்.

காத்திருப்பதையும் முயன்று பாருங்கள். 'தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' முதல் பாகம் ஒளிபரப்பானது 1990 ஜூன் 18, இரண்டாம் பாகம் செப்டம்பர் 24. நடுவில் 14 வாரம். நாமும் அப்படியே காத்திருக்கலாம் என்றான் தம்பி, அண்ணி ஒப்புக்கொள்ளவே இல்லை, நாலு வாரத்தில் சமரசம். பிக்கார்ட் பிழைப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் போர்க் (உயிரும் இயந்திரமும் கலந்த எதிரி இனம்) ஆகிவிட்ட கேப்டன் இருக்கும் கப்பலைச் சுட ரைக்கர் உத்தரவிட்டது சரியா என்று அந்த நாலு வாரமும் பேசினோம். அண்ணி இன்றைக்கும் தவறு என்றுதான் சொல்கிறார்.

கடைசி எபிசோடில் பிக்கார்ட் முதன்முறையாக மற்றவர்களோடு சீட்டாட உட்காருவார். ஏழு வருடமாக அந்த மேசைக்கு அவர் வந்ததில்லை. விளக்கைப் போட்டபோது நாலு தாளில் எண் இருந்தது, டீச்சர் தாளில் மட்டும் எதுவும் இல்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அன்றைக்குக் காப்பிக்கடையில் அதிகம் பேசவும் இல்லை, தம்பி மட்டும் அடுத்தது இன்னொரு ஸ்டார் டிரெக் தொடரான 'டீப் ஸ்பேஸ் நைன்' என்று முடிவுபண்ணி எல்லாருடைய சனிக்கிழமையையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.