குறைந்த விலையில் ஒரு பாயின்ட் கார்டு: பேஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் தளம் குறித்த மதிப்புரை

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் அணி ஒன்று தன் இரண்டாவது பாயின்ட் கார்டை, அதாவது பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் மாற்று ஆட்டக்காரரை, எப்படித் தேடிப் பிடிக்கிறது என்று யாராவது கேட்டால், நான் முதலில் அனுப்பிவைக்கும் இடம் பேஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளம்தான். அதன் பெரும்பகுதியைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பல ஆண்டுகளாக அதைப் பயன்படுத்திவருபவன் என்ற முறையில், இந்த ஒரு வேலைக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும். 48 நிமிட ஆட்டத்தில் முதன்மை பாயின்ட் கார்டு இளைப்பாறும் 12 முதல் 16 நிமிடங்களில் பந்தைத் தொலைக்காமல், வேகத்தைக் குலைக்காமல், கிடைத்த முன்னிலையைக் கரையவிடாமல் காப்பாற்றுவதே மாற்று ஆட்டக்காரரின் கடமை. பெரிய நட்சத்திரங்களுக்குச் சம்பளத்தைக் கொட்டிவிட்ட அணியிடம் இதற்கென்று பணம் மிஞ்சுவதில்லை. 2024–25 சீசனில் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு 14 கோடியே 6 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு. சில சலுகைகளைக் கொண்டு அதைத் தாண்டலாம். அதற்கும் மேலே உள்ள ‘இரண்டாவது ஏப்ரன்’ எனப்படும் எல்லை ஏறக்குறைய 18 கோடியே 89 லட்சம் டாலர். அந்த எல்லையைத் தாண்டிய அணி, பிற அணிகளின் ஆட்டக்காரர்களை ஒப்பந்தம் செய்ய அந்தச் சலுகைகளில் மற்றவை எதையும் பயன்படுத்த முடியாது. குறைந்தபட்சச் சம்பளம் ஒன்றே வழி. அந்த வழியில் ஒரு நல்ல அம்சம் உண்டு. ஓராண்டுக் குறைந்தபட்ச ஒப்பந்தத்தில் அனுபவசாலி ஒருவரை எடுத்தால், இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவருக்குரிய தொகை மட்டுமே அணியின் கணக்கில் ஏறும். மிச்சத்தை லீகே ஈடுசெய்யும். 2024–25இல் அந்தத் தொகை சுமார் 20 லட்சத்து 87 ஆயிரம் டாலர்.

தளத்தின் அருமை இங்கேதான் தெரியும். அணிகளின் ஒப்பந்தப் பக்கத்தைத் திறந்தால், யாருக்கு எந்த ஆண்டுவரை எவ்வளவு சம்பளம், யாருடைய ஒப்பந்தம் முடியப்போகிறது, ஒப்பந்தத்தை இன்னோர் ஆண்டு தொடரும் விருப்ப உரிமை ஆட்டக்காரரிடமா அணியிடமா என்பதெல்லாம் நிற வேறுபாட்டுடன் ஒரே அட்டவணையில் இருக்கும். அங்கிருந்து ஒரு பெயரைத் தொட்டால் அவருடைய முழு வாழ்க்கைக் கணக்கும் விரிகிறது. ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற வரிசையை விட்டுவிட்டு, ஒவ்வொருவரும் 36 நிமிடம் ஆடினால் எவ்வளவு என்ற கணக்கையும், அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்கத் தந்த பாஸ்) விகிதம், டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் தொலைத்தல்) விகிதம் ஆகியவற்றையும் பாருங்கள். பெஞ்சிலிருந்து வந்து 14 நிமிடம் ஆடியவரையும் 34 நிமிடம் ஆடியவரையும் ஒரே தராசில் வைக்க வேறு நேர்மையான வழி இல்லை. அவர் களத்தில் இருந்தபோதும் வெளியே இருந்தபோதும் அணி எவ்வாறு ஆடியது என்ற ஒப்பீடும் அதே பக்கத்தில் சற்றுக் கீழே இருக்கிறது. மாற்று ஆட்டக்காரர்களைப் பொறுத்தவரை நான் அதிகம் நம்புவது அந்த வரியைத்தான், ஆனால் ஒரு சீசனை மட்டும் வைத்து அல்ல.

என்.பி.ஏ.யின் துணை லீகான ஜி லீக், ஐரோப்பாவின் யூரோலீக், சீன லீக் ஆகியவற்றின் புள்ளிவிவரங்களும் இத்தளத்தில் உள்ளன. மலிவான ஆட்டக்காரர்கள் பலர் அந்தக் கதவுகள் வழியாகவே வருவதால் இதைச் சிறு வசதியாக நான் கருதவில்லை. கேமரன் பெயினை எடுத்துக்கொள்ளுங்கள். புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2015இல் 14ஆவது இடத்தில் தேர்வான அவர், அணி அணியாகக் கைவிடப்பட்டு, 2019இல் சீனாவின் ஷான்ஷி அணிக்கும் பின்னர் ஜி லீகின் டெக்சாஸ் லெஜண்ட்ஸுக்கும் போனார். 2020 கோடையில் என்.பி.ஏ. அணியான ஃபீனிக்ஸ் சன்ஸ் அவரை எடுத்தது. கோவிட் காரணமாக ஆர்லாண்டோவில் நடந்த தன் எட்டு ஆட்டங்களையும் அணி வென்றது. அடுத்த ஆண்டு மேற்குப் பிரிவு இறுதிச்சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில் முதன்மை பாயின்ட் கார்டு கிறிஸ் பால் இல்லாத நிலையில் 29 புள்ளிகளும் 9 அசிஸ்ட்களும் எடுத்து, ஒரு டர்ன்ஓவர்கூடச் செய்யாமல் திரும்பினார். இந்தப் பயணம் முழுவதையும் அவருடைய பரிவர்த்தனைப் பட்டியலில் வரிவரியாகப் படிக்கலாம். எத்தனை அணிகள் வேண்டாம் என்று விட்ட ஒருவர் அந்த இரவில் அப்படி ஆடினார் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால், வெறும் தேதிகளே மனத்தைத் தொடும்.

தளம் எங்கே நின்றுவிடுகிறது என்பதற்கும் ஃபீனிக்ஸிலேயே சான்று உண்டு. 2023–24இல் வாஷிங்டனுக்கு ஆடிய டையஸ் ஜோன்ஸின் பக்கத்தைப் பாருங்கள்: 66 ஆட்டங்களில் 485 அசிஸ்ட், 66 டர்ன்ஓவர் மட்டுமே. அந்த ஆண்டு 1 கோடியே 40 லட்சம் டாலர் வாங்கியவர், தொடக்க ஐவரில் இடம் என்ற வாய்ப்புக்காக 2024 கோடையில் ஏறக்குறைய 30 லட்சம் டாலருக்குச் சன்ஸில் சேர்ந்தார். பந்தைத் தொலைக்காதவர் என்று பெயரெடுத்த மான்டே மோரிஸும் அதே கோடையில் அங்கே குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வந்தார். அட்டவணையை மட்டும் பார்த்தவர் எவரும் இதை அந்த ஆண்டின் மிகச் சிறந்த பேரம் என்றே சொல்லியிருப்பார். நானும் அப்படித்தான் நம்பினேன். ஜோன்ஸ் தன் வழக்கப்படியே ஆடினார், மூன்று புள்ளி எறிதல்களில் 41 சதவீதத்துக்கு மேல் போட்டார். ஆனால் அணியின் தற்காப்பு லீகின் கடைசி வரிசைகளில் கிடந்தது, உயரம் குறைந்தவரான அவர் சீசனின் நடுவே பெஞ்சுக்கு மாற்றப்பட்டார், 36 வெற்றி 46 தோல்வியுடன் சன்ஸ் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுகளுக்கே போகவில்லை. இதை ஜோன்ஸின் குறை என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே அணியில் இருந்த கார்டுகளான டெவின் புக்கர், பிராட்லி பீல் ஆகியோருக்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய கார்டை நிறுத்தினால் எதிரணியின் உயரமான ஆட்டக்காரர்களை யார் மறிப்பது என்ற கேள்விக்கு எந்தப் பக்கத்திலும் விடை இல்லை. தளம் தரும் தற்காப்பு மதிப்பீடுகள் பெரும்பாலும் ஸ்டீல் (பந்தைப் பறித்தல்), பிளாக் (எறிதலைத் தடுத்தல்), ரீபவுண்ட் (தவறிய எறிதலின் பந்தைப் பிடித்தல்) முதலிய கணக்குகளிலிருந்து கட்டப்பட்டவை. சக ஆட்டக்காரரைத் தாண்டி வந்த எதிராளியைத் தடுக்க ஓடிவந்த காலடிகள் அவற்றில் பதிவதில்லை. அதற்கு ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

டி.ஜே. மெக்கானல் இதன் மறுபக்கம். 2015இல் எந்த அணியும் டிராஃப்ட் செய்யாத அவரை 2019இல் இந்தியானா பேசர்ஸ் இரண்டு ஆண்டுகளுக்கு 70 லட்சம் டாலருக்கு எடுத்தது. மூன்று புள்ளிக் கணக்கு மிகச் சாதாரணம். அந்த வரியோடு பக்கத்தை மூடிவிட்டுப் போனவர்கள் உண்டு. 2025 இறுதிச்சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்து 10 புள்ளி, 5 அசிஸ்ட், 5 ஸ்டீல் எடுத்தார், பேசர்ஸ் வென்றது. ஸ்டீல் வரிசையைக் கவனித்தவருக்கு அது வியப்பாக இருந்திருக்காது.

பயன்பாட்டைப் பொறுத்தவரை, கைப்பேசியில் அகலமான அட்டவணைகளைப் பக்கவாட்டில் நகர்த்தியே படிக்க வேண்டியிருக்கும், இடையிடையே விளம்பரங்களும் உண்டு. கணினியில் திறப்பதே நல்லது. தொகைகளைத் தளம் காட்டும், ஆனால் ஏப்ரன் விதிகளை நாம் முன்பே தெரிந்துகொண்டு வர வேண்டும். ஸ்டாட்ஹெட் என்ற கட்டணத் தேடல் சேவையும் இதே நிறுவனத்துடையது. ‘இத்தனை நிமிடத்துக்குக் கீழ் ஆடியும் டர்ன்ஓவர் இவ்வளவுக்குள் வைத்திருப்பவர்கள் யார்’ என்று நிபந்தனைகளை அடுக்கிக் கேட்க விரும்புவோருக்கு அது தகும். ஆண்டில் ஒருமுறை, ஜூலை முதல் வாரத்தில் ஒப்பந்தங்கள் திறக்கும்போது மட்டும் ஆர்வம் கொள்பவருக்கு இலவசப் பக்கங்களே தாராளம்.