தானாக இறங்கிய நாற்காலி: சிலிண்டர் மாற்றி இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு

மேசைக் காலில் பென்சிலால் போட்ட இரண்டு கோடுகள் இன்னும் இருக்கின்றன. மேல்கோடு, காலையில் வேலைக்கு உட்காரும்போது நாற்காலியின் கைப்பிடி நின்ற உயரம். கீழ்க்கோடு, மூன்று மணி நேரம் கழித்து அதே கைப்பிடி நின்ற உயரம். நடுவில் 7 சென்டிமீட்டர். அந்தக் கோடுகளைப் போடுவதற்கு முன்பு கிட்டத்தட்ட அரை வருடம், எனக்குத் தோள்பட்டையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்க இறங்க, மேசை நமக்கு உயரமாகிக்கொண்டே போகிறது. கை கீபோர்டை எட்ட வேண்டுமே என்று நாள் முழுக்கத் தோளைத் தூக்கியே வைத்திருக்கிறோம். இது மெதுவாக நடப்பதால் உடம்பு தன்பாட்டுக்கு வளைந்து கொடுத்துவிடுகிறது. வலி வந்த பிறகும் நாற்காலியின் மேல் சந்தேகமே வரவில்லை.

அந்த நாற்காலிக்குச் சிலிண்டர், அதாவது இருக்கையை ஏற்றி இறக்கும் நடுக்குழாய், மாற்றி இப்போது இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. மாற்றிய அன்று எந்தச் சிலிண்டரும் நன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் இவ்வளவு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நாற்காலி இறங்குகிறது என்றதும் சிலிண்டர் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சில நாற்காலிகளில் உயரம் மாற்றும் லீவர் வளைந்தோ சிக்கியோ, சிலிண்டரின் தலையில் இருக்கும் பொத்தானை லேசாக அமுக்கிக்கொண்டே இருக்கும். அப்படியிருந்தால் புதுச் சிலிண்டர் போட்டாலும் இறங்கத்தான் செய்யும். நான் லீவரைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அப்போதும் இறங்கியது. சரி, கோளாறு சிலிண்டரில்தான் என்று அப்புறம்தான் உறுதியானது.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பமே வராது. சிலிண்டருக்குள் அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு இருக்கிறது. ஒரு பிஸ்டன் அந்த இடத்தை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. லீவரை இழுத்தால் பொத்தான் அமுங்கி, வால்வு திறந்து, வாயு ஓர் அறையிலிருந்து மற்றதற்கு ஓடும். உட்கார்ந்திருந்தால் இருக்கை இறங்கும், எழுந்துவிட்டால் ஏறும். லீவரை விட்டதும் வழி அடைபட்டு, இருக்கை அதே இடத்தில் நிற்கும். வால்வில் இருக்கும் சீல் தேய்ந்துபோனால் நாம் லீவரைத் தொடாமலே வாயு மெல்லக் கசிந்து அறை மாறும். என் நாற்காலியில் இதை நேராகவே பார்க்க முடிந்தது. பகலில் என் எடையில் இறங்கி, மாலையில் தாழ்வாக விட்டுப்போன நாற்காலி, மறுநாள் காலையில் தானாக உச்சிக்கு ஏறி நிற்கும். யாரோ தூக்கி வைத்ததுபோல. வாயு உள்ளேயேதான் இருக்கிறது, பூட்டு மட்டும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். லீவரை இழுத்தும் இருக்கை ஏறவில்லை, கையால் தூக்க வேண்டியிருக்கிறது என்றால் வாயு வெளியேறிவிட்டது. இரண்டில் எதுவானாலும் வழி ஒன்றுதான், சிலிண்டரையே மாற்ற வேண்டும். சிலிண்டரைத் திறப்பது, துளையிடுவது, அறுப்பது, சூடாக்குவது எதையும் தயவுசெய்து முயற்சிக்காதீர்கள். பழசாகி இருக்கை நிற்காமல் போனாலும் உள்ளே அழுத்தம் இருக்கும்.

மாற்றுவதற்கு முன் நான்கு மாதம் தற்காலிக வழிகளில் ஓட்டினேன். ஹோஸ் கிளாம்பை, அதாவது குழாய்களை இறுக்கும் உலோக வளையத்தை, நடுத்தண்டில் இறுக்கிக் கட்டினேன். பத்தே நாளில் வழுக்கி இறங்கி, பளபளப்பான தண்டில் கீறலும் போட்டுவிட்டது. அந்தக் கீறல் மேலும் கீழும் போகும்போது தண்டு ஆடாமல் உள்ளே பிடித்திருக்கும் புஷ்ஷையும் தேய்க்கும். கிளாம்பை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பிவிசி குழாயை நீளவாக்கில் கீறி, தண்டைச் சுற்றி மாட்டிவிடுவது அதைவிட எவ்வளவோ மேல். எடை குழாய் வழியாக இறங்குவதால் இருக்கை அசையாது. உயரம் மாற்றவே தேவையில்லாத, ஒரே ஆள் உட்காரும் நாற்காலிக்கு இதுவே போதும். எங்கள் வீட்டில் அப்படி முடியாது. மாலையில் தம்பி படிக்க உட்காருவான், அவன் என்னைவிட ஒரு சாண் உயரம்.

இனி அளவு. இந்த அனுபவத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், ஏனென்றால் இதில்தான் நான் முதல் தடவை தவறினேன். பெரும்பாலான அலுவலக நாற்காலிகளில் சிலிண்டரின் வெளிக்குழாய் 50 மில்லிமீட்டர் விட்டமும், இருக்கைக்குள் நுழையும் மேல்தண்டு 28 மில்லிமீட்டர் விட்டமும் இருக்கும். இது பொருந்தினால் நாற்காலியில் மாட்டிவிடலாம். மாட்ட முடிவது வேறு, வசதியாக உட்கார முடிவது வேறு. விட்டத்தையும் எடை தாங்கும் வகுப்பையும் மட்டும் பார்த்து, 4ஆம் வகுப்புச் சிலிண்டர் ஒன்றை வாங்கினேன். அதன் வெளிக்குழாய் பழையதைவிட 3 சென்டிமீட்டர் நீளம். விளைவு, எவ்வளவு கீழே இறக்கினாலும் இருக்கை பழையதைவிட 3 சென்டிமீட்டர் உயரத்தில்தான் நின்றது. குதிகால் தரையில் பதியவில்லை. தொடையின் அடிப்பக்கம் இருக்கையின் விளிம்பில் அழுந்தி, ஒரு மணி நேரத்தில் கால் மரத்துப் போகும். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சரியான நீளத்தில் இன்னொன்று வாங்கி மறுபடி மாற்றினேன். இரண்டரை ஆண்டுகளாக இருப்பது அந்த இரண்டாவது சிலிண்டர்.

அதனால் வாங்குவதற்கு முன் நாற்காலியை முழுக்க மேலே ஏற்றி, வெளியே தெரியும் வெளிக்குழாயின் நீளத்தை அளங்கள். பேஸுக்குள், அதாவது சக்கரங்கள் மாட்டிய அடிப்பாகத்துக்குள், புதைந்திருக்கும் கூம்பு முனையையும் இருக்கைக்குள் போயிருக்கும் முனையையும் இதில் சேர்க்க வேண்டாம். அப்புறம் மிகத் தாழ்ந்த நிலைக்கும் மிக உயர்ந்த நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை அளங்கள், அதுதான் சிலிண்டரின் ஏற்ற இறக்க அளவு. என்னுடையது 10 சென்டிமீட்டர். கடைசியாக, வழக்கமாகப் போடும் செருப்போடு நின்று, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை அளங்கள். உட்கார்ந்து மெத்தை அமுங்கிய பிறகு இருக்கை அந்த உயரத்துக்கு வர முடிய வேண்டும். பிளாஸ்டிக் மூடி தண்டை மறைத்திருந்தால் அதை மேலே தள்ளிவிட்டு அளங்கள், மூடியின் நீளம் ஏமாற்றும்.

கழற்றுவதற்கு வருகிறேன். சிலிண்டரில் திருகு எதுவும் இல்லை. மேலும் கீழும் லேசான கூம்பு, அது கூம்புத் துளைக்குள் இறுகி உராய்வாலேயே நிற்கிறது. நாம் உட்கார உட்கார இன்னும் இறுகும். பத்து வருடம் உட்கார்ந்த நாற்காலியில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பழைய போர்வையை விரித்து, நாற்காலியைச் சக்கரம் மேலே பார்க்கக் கவிழ்த்தோம். இரண்டு கூம்பின் விளிம்பிலும் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து அரை மணி நேரம் விட்டோம். அப்புறம் தம்பி பேஸின் இரண்டு கால்களைப் பிடித்து நாற்காலியையே கொஞ்சம் தூக்கினான், இருக்கை தரையிலிருந்து நான்கு விரல் மேலே தொங்கியது. வெளிக்குழாயின் இரும்பு விளிம்பில் ஓர் இரும்புத் துண்டை வைத்து நான் சுத்தியலால் அடித்தேன். நடுவில் கிளிப்பும் மெல்லிய தண்டும் இருக்கும், அங்கே அடித்துப் பயனில்லை. “அண்ணா, ஒரே இடத்தில் அடிக்காதே, சுற்றிச் சுற்றி அடி” என்றான். ஆறாவதோ ஏழாவதோ அடியில் சத்தம் மாறியது. அதுவரை ‘டங் டங்’ என்று கேட்டது, திடீரென்று ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்டது. அவன் கையில் பேஸ் மட்டும் இருந்தது, நாற்காலி போர்வையில் கிடந்தது. தனியாகச் செய்பவர்கள் நாற்காலியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து அடிக்கலாம், கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

இருக்கைப் பக்கம்தான் உண்மையான பிடிவாதம். அங்கே வெளிக்குழாயைப் பிடித்துத் திருப்பினால் அது சும்மா சுற்றும். அடியில் உள்ள கிளிப்பைக் கழற்றி வெளிக்குழாயை உருவிவிட்டால் 28 மில்லிமீட்டர் தண்டு வெளியே தெரியும். வாஷர், பேரிங், ரப்பர் எந்த வரிசையில் வருகின்றன என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒருநாள் உதவும். தண்டை இருக்கையின் இரும்புத் தட்டுக்கு மிக அருகில் பைப் ரெஞ்சால் கவ்வி, இரண்டு பக்கமும் மாறி மாறித் திருப்பினேன். தூக்கி எறியப்போகும் தண்டுதானே, பல் பதிந்தாலும் பரவாயில்லை. நூலளவு அசைந்த பிறகு கையாலேயே வந்துவிட்டது. உள்ளே கூம்புத் துளை, பழுப்பு நிறத் துருவுக்கு நடுவே ஒரு வளையம் மட்டும் கண்ணாடிபோல மின்னியது. இத்தனை வருட எடையும் அந்த வளையத்தில்தான் நின்றிருக்கிறது.

மாட்டுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் ஸ்பிரே அடித்த எண்ணெயை இரண்டு துளைகளிலிருந்தும் காய்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். உராய்வில் நிற்கும் இடத்தில் எண்ணெயோ கிரீஸோ இருக்கவே கூடாது. பொத்தானின் மேல் சின்ன பிளாஸ்டிக் தொப்பி இருந்தால் எடுத்துவிடுங்கள். பேஸில் சிலிண்டர், அதன்மேல் மூடி, அதன்மேல் இருக்கை. புதுச் சிலிண்டரைச் சுத்தியலால் அடிக்க வேண்டாம். நன்றாக அழுந்த நாலைந்து தடவை உட்கார்ந்து எழுந்தால் தானே இறுகிவிடும். முதல் சிலிண்டரை மூன்றே வாரத்தில் கழற்ற வேண்டி வந்ததே, அப்போதும் சுத்தியலும் ரெஞ்சும் தேவைப்பட்டன. அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது.

இந்த இரண்டரை ஆண்டுகளில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் வாரம் லீவர் இழுத்தால் விருட்டென்று ஏறியது, இறக்க நன்றாக அழுந்த உட்கார வேண்டியிருந்தது. இரண்டு வாரத்தில் அது பழகிவிட்டது. தோள்வலி ஒரு மாதத்தில் குறைந்து, மூன்றாவது மாதத்தில் அதை மறந்தே போனேன். எல்லோருடைய வலிக்கும் நாற்காலிதான் காரணம் என்று சொல்லவில்லை, என்னுடையதற்கு அது காரணமாக இருந்தது.

பதினான்காவது மாதம், திரும்பும்போதெல்லாம் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. சிலிண்டர் மறுபடி போகிறதோ என்று கவலையாக இருந்தது. கவிழ்த்து அடியில் கிளிப்பை மட்டும் எடுத்தேன். இம்முறை எதையும் அடிக்கத் தேவையில்லை, பேஸும் வெளிக்குழாயும் ஒன்றாகவே உருவி வந்துவிடும். பேரிங் காய்ந்து, பழைய கிரீஸில் தலைமுடியும் தூசியும் சேர்ந்து கறுத்துக் கிடந்தது. துடைத்து, புதுக் கிரீஸ் வைத்து, முன்பு எடுத்த படத்தைப் பார்த்து அதே வரிசையில் மாட்டினேன். சத்தம் அன்றோடு நின்றது.

இருபதாவது மாதம் வாக்கில் முன்னும் பின்னும் லேசான ஆட்டம். அதில் முக்கால்வாசி சிலிண்டரின் ஆட்டமே இல்லை, இருக்கைக்கும் இரும்புத் தட்டுக்கும் இடையே உள்ள நான்கு போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. ஆலன் கீயால் இறுக்கினேன். மிச்சம் இருப்பது புஷ்ஷின் ஆட்டம், பழக்கத்தில் தெரியாத அளவு. புஷ்ஷும் சீலும் சீக்கிரம் தேய்வதற்கு ஒரு காரணம் இருக்கையின் முன்விளிம்பில் உட்காருவது. சிலிண்டர் நேர்குத்தாக எடை தாங்கச் செய்யப்பட்டது, சாய்வாக வரும் அழுத்தம் அதற்கு ஆகாது. முன்பெல்லாம் அவசர வேலையென்றால் நான் விளிம்பிலேயே உட்கார்ந்திருப்பேன். இப்போது முதுகு சாய்வில் படும்படி உள்ளே தள்ளி உட்காருகிறேன், தொப்பென்று விழுவதும் இல்லை.

4ஆம் வகுப்பு வாங்குவது வீணா? இல்லை. அதில் இரும்பின் கனம் அதிகம், எடை கூடியவர்கள் அதையே வாங்கட்டும். ஆனால் அதை மாட்டியதால் நாற்காலி முழுவதும் பலமாகிவிடாது. என் நாற்காலியின் பேஸ் நைலான். ஒவ்வொரு முறை கவிழ்க்கும்போதும் நடுத்துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் ஏதாவது இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன். விரிசல் தெரிந்தால் அன்றே பேஸை மாற்றிவிடுவேன். அதில் தயவு தாட்சணியம் கிடையாது.

நேற்றுக் காலை கைப்பிடியை மேசைக் காலின் மேல்கோட்டுக்கு நேராக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் கோட்டிலேயே நின்றது. இரவு மிகத் தாழ்வாக இறக்கி விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். இன்று காலை வந்து பார்த்தேன், இறக்கிய இடத்திலேயே இருக்கிறது.