74,340 ரூபாய்க்கு வந்த ‘பேக்நெட் ரவுட்டர்’: பி.எம்.எஸ். வேலை செய்பவர்கள் கவனத்துக்கு

கட்டட ஆட்டோமேஷன் (பி.எம்.எஸ்.) எடுத்துச் செய்கிற சின்ன கான்ட்ராக்டர்கள், ஏ.சி. பராமரிப்பு ஆட்கள், பேக்நெட் ரவுட்டர் (கட்டடச் சாதனங்கள் பேசும் பேக்நெட் மொழியை ஒரு வகை வயரிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் பெட்டி) வாங்கலாம் என்று விலை விசாரித்துக்கொண்டிருக்கும் எல்லாரும் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். எனக்கு 74,340 ரூபாய் போய்விட்டது. திரும்பி வரும் என்று இருந்த கொஞ்ச நம்பிக்கையும் நேற்று மதியம் வந்த மெயிலோடு போயிற்று. விற்ற ஆளின் பெயரையும் தளத்தின் பெயரையும் இப்போதைக்கு எழுத வேண்டாமென்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். தொழிற்சாலைப் பொருட்களுக்கு விலை கேட்டால் பத்துப் பேர் போன் செய்வார்களே, அந்த வகைத் தளம். அது போதும். ரவுட்டர் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

வேலை திருப்பூரில் ஒரு நான்கு மாடி ஜவுளிக்கடை. ஏ.சி. காற்றைத் தள்ளும் ஏ.எச்.யூ.க்களையும் ஃபேன் காயில்களையும் பார்த்துக்கொள்ள மொத்தம் 22 கன்ட்ரோலர்கள். எல்லாம் ஆர்.எஸ்.485 வயரில், எம்.எஸ்.டி.பி. என்ற பேக்நெட் முறையில் பேசுகிறவை. கீழ் இரண்டு மாடிக்கு ஒரு லைன், மேல் இரண்டு மாடிக்கு ஒரு லைன். மேனேஜர் அறையில் இருக்கும் கம்ப்யூட்டர் ஈதர்நெட்டில் பேக்நெட் ஐ.பி. பேசும். இரண்டும் ஒரே பேக்நெட்தான், 1995-இல் அமெரிக்க ஏ.சி. பொறியாளர் சங்கமான ஆஷ்ரே வெளியிட்ட 135 எண் தரநிலைதான், ஆனால் வயரில் ஓடும் விதம் வேறு. இரண்டையும் சேர்த்துவைக்க நடுவில் ரவுட்டர் வேண்டும். லைனுக்கு ஒன்றாக இரண்டு ரவுட்டர் தேடினேன்.

தெரிந்த கம்பெனிப் பொருளுக்கு டெலிவரி ஐந்து வாரம் என்றார்கள். கடைக்காரருக்கு ஆடித் தள்ளுபடிக்குள் ஏ.சி. முழுதாக ஓட வேண்டும். அதனால்தான் அந்தத் தளத்தில் விலை கேட்டேன். அரை மணி நேரத்தில் இந்த விற்பனையாளர் கூப்பிட்டார். மற்றவர்கள் எல்லாம் “எத்தனை பீஸ் சார், பட்ஜெட் என்ன சார்” என்று ஆரம்பிக்க, இவர் கேட்ட முதல் கேள்வி: “அண்ணா, லைன் பாட் ரேட் என்ன வச்சிருக்கீங்க? ஒரு லைன்ல எத்தனை மாஸ்டர்?” பாட் ரேட் என்பது லைனில் தகவல் ஓடும் வேகம், மாஸ்டர் என்பது லைனில் முறை வைத்துப் பேசும் கன்ட்ரோலர். 38400, ஒன்றில் 12, ஒன்றில் 10 என்றேன். “அப்ப ரிப்பீட்டரே வேண்டாமுங்ணா, 32 வரைக்கும் தாங்கும்” என்றார். ரிப்பீட்டர் என்பது சிக்னலை மறுபடி வலுவாக்கும் பெட்டி. நம் பக்கத்துப் பேச்சு வேறு. தொழில் தெரிந்த ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பது?

“நீங்க பெட்டிக்கு 24 வோல்ட் குடுத்து ஒரு லேன் கேபிளை மட்டும் சொருகுங்ணா. நெட்வொர்க் நம்பர், ஐ.பி., எல்லாம் ரிமோட்ல நானே போட்டுத் தர்றேன்.” பெட்டி ஒன்று 27,000, இரண்டுக்கு 54,000. ரிமோட்டில் செட்டப் செய்து தர 9,000. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 74,340. ஒரு வீடியோவும் அனுப்பினார். அவருடைய மேசையில் அதே பெட்டி, பக்கத்தில் லேப்டாப், திரையில் சாதனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. புரொஃபார்மா வந்தது, கரன்ட் அக்கவுன்ட் எண் வந்தது, முழுப் பணமும் போனது. தளத்தின் வழியாகக் கட்டினால் விலை ஏறும் என்றார். இந்தத் துறையில் பாதிப் பேர் அப்படித்தான் வியாபாரம் செய்கிறார்கள்.

பெட்டி சொன்ன நாளில் வந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. கட்டைவிரல் தடிமனில் கறுப்புப் பெட்டி, மேலே பளபளப்பாக ‘பேக்நெட் ரவுட்டர்’ என்று ஸ்டிக்கர். வயர் மாட்டிவிட்டுக் கூப்பிட்டேன். தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க்கில் உள்ளே வந்தார். பெட்டியின் வெப் பக்கத்தைத் திறந்து, பாட் ரேட் 38400 தேர்ந்தெடுத்தார். அடுத்து ‘லோக்கல் போர்ட்’ என்றிருந்த கட்டத்தில் 47808 என்று அடித்தார். “பாத்தீங்களாண்ணா, பேக்நெட் போர்ட் போட்டாச்சு” என்றார். 47808 பேக்நெட்டின் போர்ட்தான், அதில் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு லைனுக்கும் ரவுட்டரில் கொடுக்க வேண்டிய அடையாள எண்ணான நெட்வொர்க் நம்பருக்காக நான் காத்திருக்கிறேன். அந்தக் கட்டமே அந்தப் பக்கத்தில் இல்லை. கேட்டதற்கு, “அது உள்ளாற ஆட்டோமேட்டிக்ணா” என்றார்.

சாதனங்களைத் தேடினால் ஒன்றுமில்லை. திரை வெறுமை. இதன் பிறகு நடந்ததுதான் என் வயிற்றெரிச்சல்.

முதலில் “டெர்மினேஷன் சரியில்லண்ணா” என்றார். அதற்காக லைனின் இரு முனையிலும் மாட்ட வேண்டிய 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. பவரை நிறுத்தி மீட்டர் வைத்தேன், 60 ஓமுக்குப் பக்கத்தில் காட்டியது. இரண்டு 120 பக்கம் பக்கமாக இருந்தால் 60 தான் வரும். படம் எடுத்து அனுப்பினேன். உடனே “ஷீல்டை ரெண்டு பக்கமும் எர்த் பண்ணியிருப்பீங்க” என்றார். ஒரு பக்கம்தான் செய்திருக்கிறோம், அதற்கும் படம். பிறகு ஃபயர்வால் என்றார், ஆன்டிவைரஸ் என்றார், கடையின் நெட்வொர்க் ஸ்விட்ச் மட்டம் என்றார். லேப்டாப்பை நேராகப் பெட்டியில் சொருகிக் காட்டிய பிறகு, “38400 உங்க கன்ட்ரோலருக்கு ஜாஸ்தி, 9600-க்கு இறக்குங்க” என்றார்.

இதைச் சொல்வதற்கு அவருக்கு ஒரு நொடி. எங்கள் கன்ட்ரோலர்களில் பாட் ரேட், கையால் மாற்ற வேண்டிய குட்டி டிப் ஸ்விட்ச்சில் இருக்கிறது. 22-ம் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே. கடை பூட்டின பிறகுதான் ஏணி போட விடுவார்கள். என்னிடம் இருக்கும் இரண்டு பையன்களும் விடிய விடிய ஒவ்வொரு டைலாகத் தூக்கி, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, ஸ்விட்ச்சை மாற்றி, பவர் ஆஃப் ஆன் செய்து வந்தார்கள். பட்டுப்புடவைப் பிரிவில் சீலிங் தூசி விழுந்ததற்கு மேனேஜரிடம் நான் வாங்கிய பேச்சு தனி. காலையில் கூப்பிட்டால் போன் எடுக்கவில்லை. மதியம் எடுத்து, “சைட்ல இருக்கேண்ணா” என்றார். 9600-இலும் ஒன்றும் வரவில்லை.

அதற்குமேல் அவர் பேச்சைக் கேட்க நான் தயாரில்லை. யு.எஸ்.பி. 485 கன்வெர்ட்டர் ஒன்றை லைனில் சேர்த்து, வயரில் என்னதான் ஓடுகிறது என்று பார்த்தேன். எம்.எஸ்.டி.பி. ஃபிரேம், அதாவது செய்திப் பொட்டலம், ஒவ்வொன்றும் 55 எஃப்எஃப் என்று தொடங்கும். கன்ட்ரோலர்கள் டோக்கனை, அதாவது பேசும் முறை யாருக்கு என்று சொல்லும் செய்தியை, அழகாகக் கைமாற்றிக்கொண்டிருந்தன. லைன் தங்கமாக இருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து ‘ஹூ-ஈஸ்’ அனுப்பினேன். யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்கிற செய்தி அது. உடனே வயரில், டோக்கன்களுக்கு நடுவே, 81 0பி என்று தொடங்கும் பைட்டுகள் வந்து விழுந்தன.

81 என்பது பேக்நெட் ஐ.பி.யின் தலைப்பு. அது ஈதர்நெட் பக்கத்தோடு நிற்க வேண்டியது. ரவுட்டராக இருந்தால் அந்தத் தலைப்பைக் கழற்றி, உள்ளே இருக்கும் செய்தியை எடுத்து, டோக்கன் தன் கைக்கு வரும்வரை பொறுத்திருந்து, எம்.எஸ்.டி.பி. ஃபிரேமில் வைத்து அனுப்பும். இந்தப் பெட்டி லேன் கேபிளில் வந்ததை அப்படியே 485-இல் கொட்டுகிறது. அதாவது இது சாதாரண சீரியல்–ஈதர்நெட் கன்வெர்ட்டர். சந்தையில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பது. ஆட்டோவுக்கு ‘லாரி’ என்று போர்டு மாட்டி விற்றிருக்கிறார்கள்.

ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். அடியில் வேறு மாடல் எண், ‘சீரியல் சர்வர்’ என்ற அச்சு, பாதி சுரண்டியபடி.

இதை எப்படி செட்டப் செய்தாலும் ஓடாது. எம்.எஸ்.டி.பி.யில் டோக்கன் கைக்கு வந்தால் சில பத்து மில்லி செகண்டுக்குள் பேச ஆரம்பிக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்தவர் முந்திக்கொள்வார். அந்த வேலையைச் செய்கிற புரோகிராம் பெட்டிக்குள் இருக்க வேண்டும், இதில் இல்லவே இல்லை. அவர் அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்தி மறுபடி பார்த்தேன். ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் சாதனம் என்றால் நெட்வொர்க் நம்பரோடு காட்டும். அந்தத் திரையில் இருந்த எல்லாமே நேரடி ஐ.பி. முகவரிகள். பெட்டி மேசையில் சும்மா அலங்காரத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. பிளக் செய்திருக்கிறார்களா என்பதே சந்தேகம்.

ஆதாரம் எல்லாவற்றையும் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டால் ஒரு பெண் எடுத்து, “டெக்னிக்கல் டீமுக்கு ஃபார்வர்ட் பண்ணியிருக்கோம் சார்.” மறுபடி கூப்பிட்டால், “ஸ்டிக்கரை உரிச்சிட்டீங்களே சார், வாரன்டி போயிருச்சு.” 74,340 ரூபாய்க்கு ஸ்டிக்கர்தான் வாரன்டியாம். இன்னொரு நாள் அவரே மெசேஜ் போட்டார்: புது ஃபர்ம்வேர் வந்திருக்கிறது, பெட்டிக்கு 4,500 கட்டினால் போட்டுத் தருகிறேன். அதுவரை சார், நீங்கள், ஜி.எஸ்.டி. என்று மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்த நான் அன்றைக்குப் பேசியதை இங்கே எழுத முடியாது.

தளத்துக்குப் புகார் அனுப்பினேன். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஏற்றுக்கொண்டோம் என்று மெஷின் பதில் உடனே வந்தது. தீர்வு நேற்று மதியம் வந்தது: பணம் எங்கள் வழியாக வரவில்லை, வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகப்படுத்துவதோடு எங்கள் வேலை முடிந்தது. அந்த ஆளின் பெயருக்குப் பக்கத்தில் ‘நம்பகமான விற்பனையாளர்’ என்று பச்சை முத்திரை போட்டது யார்? அந்த முத்திரை இன்று காலையும் அப்படியே இருக்கிறது. நட்சத்திரம்கூட நாலரை.

கடைக்காரர் தங்கமான மனிதர், இருந்தும் சொல்லிவிட்டார்: “ஏனுங் தம்பி, கம்ப்யூட்டர்ல தெரியோணும்னுதானுங்க அத்தனை காசு குடுத்தேன். பொட்டிக்காரன் ஏமாத்துனதை எங்கிட்டச் சொல்லி என்னுங்க ஆகப்போகுது?” நியாயம்தான். கோவையில் ஒரு நண்பர் தன் டெமோ ரவுட்டர்கள் இரண்டைக் கடனாகக் கொடுத்தார். பையன்கள் மறுபடி ஏணி ஏறி எல்லாவற்றையும் 38400-க்குக் கொண்டுவந்தார்கள். ஐ.பி. பக்கத்துக்கு இரண்டு ரவுட்டரிலும் ஒரே நெட்வொர்க் நம்பர் 1, எம்.எஸ்.டி.பி. பக்கத்துக்கு ஒன்றில் 101, மற்றதில் 102. மேக் முகவரி 0, போர்ட் 47808. டீ வருவதற்குள் 22 கன்ட்ரோலரும் திரையில். அதே வயர், அதே 120 ஓம், அதே ஸ்விட்ச், அதே லேப்டாப். கடனாக வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும், புதிதாக இரண்டு வாங்க வேண்டும். இந்த வேலையில் எனக்கு நிற்க வேண்டிய லாபமே 74,340-க்குப் பக்கத்தில்தான்.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் பதிந்து புகார் எண் வாங்கியிருக்கிறேன். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்றால், வியாபாரத்துக்காக வாங்கியதை 2019 சட்டம் நுகர்வாகக் கணக்கில் எடுக்காது, சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் என்று காட்டினால் வழியுண்டு என்கிறார் வக்கீல். பார்க்கிறேன்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், பொறுமை இல்லை. பணம் அனுப்பும் முன் யூசர் மேனுவல் கேளுங்கள். அதில் நெட்வொர்க் நம்பர், மேக்ஸ் மாஸ்டர் (லைனில் தேட வேண்டிய கடைசி மாஸ்டர் முகவரி), பி.பி.எம்.டி. (ஐ.பி. நெட்வொர்க்குகளுக்கு நடுவே ஹூ-ஈஸ் போன்ற பொதுச் செய்திகளைக் கடத்தும் வசதி) மூன்றுக்கும் இடமில்லையென்றால் போனை வையுங்கள். ‘டி.சி.பி. சர்வர், டி.சி.பி. கிளையன்ட், யு.டி.பி.’ என்று மட்டும் இருந்தால் அது கன்வெர்ட்டர். மாடல் எண்ணை வாங்கி, பேக்நெட் சோதனையில் தேறிய பொருட்களின் பி.டி.எல். பட்டியலில் தேடுங்கள், இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அங்கே இல்லாததெல்லாம் போலி என்று அர்த்தமில்லை, ஆனால் ஏன் இல்லை என்று கேட்டால் என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். டெமோ என்றால் வீடியோ வேண்டாம், வீடியோ காலில் எம்.எஸ்.டி.பி. வயரைப் பிடுங்கச் சொல்லுங்கள், திரையில் சாதனம் ஆஃப்லைன் ஆகிறதா பாருங்கள். முழுப் பணமும் முன்னால் கேட்டால் கொடுக்காதீர்கள். தளத்துக்கு வெளியே கட்டச் சொன்னால் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

உரித்த ஸ்டிக்கர், அடியில் இருக்கும் அச்சு, வயரில் பிடித்த பைட்டுகள் எல்லாவற்றுக்கும் படம் வைத்திருக்கிறேன். இதே மாதிரி பெட்டி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம். சேர்ந்து புகார் கொடுத்தால் இன்னும் நல்லது. கடையிலிருந்து கூப்பிடுகிறார்கள், மூன்றாவது மாடியில் ஏதோ ஏ.எச்.யூ. நின்றுவிட்டதாம், கிளம்புகிறேன்.