ஓர் அங்குலப் பச்சை ஒயர்: புதிதாக ப்ளக் பாயின்ட் போடுகிறவர்கள் கவனிக்க

வாஷிங் மெஷினுக்காக ஒரு 16 ஆம்பியர் பாயின்ட் போடச் சொன்னேன். வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். டிபி பெட்டியிலிருந்து (வீடு முழுக்கக் கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், எர்த்துக்குத் தனியாகப் பச்சை ஒயர் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பார்த்தே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. ஒயரையும் அவரே வாங்கி வந்தார். நான் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் பாயின்ட் தயார், சுவரும் பூசியாயிற்று.

பணம் கொடுக்கும் முன் "எர்த் வருதா?" என்று கேட்டேன். கேட்கத் தெரிந்தவன் என்ற பெருமை எனக்கு. அவர் ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பை எடுத்து, ஒரு ஒயரை கரன்ட் வரும் பேஸ் துளையிலும் இன்னொன்றை மேலே இருக்கும் பெரிய எர்த் துளையிலும் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. "எர்த் இல்லைன்னா இப்படி எரியுமா சார்?" என்றார். எரியாதுதானே? பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மெஷின் தண்ணீரைச் சூடாக்கும்போதெல்லாம் அறை விளக்கு மங்கியது. அப்புறம் எம்சிபி (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்) விழ ஆரம்பித்தது. கூப்பிட்டதும் வந்தார், "எம்சிபி வீக்கா இருக்கு சார்" என்று 10 ஆம்பியரைக் கழற்றி 32 ஆம்பியரை மாட்டினார். அதற்குத் தனிப் பணம். அதன்பின் விழவே இல்லை; நன்றி வேறு சொன்னேன். தனி லைன் இழுத்திருந்தால் அறை விளக்கோடு சேர்ந்து எதற்கு எம்சிபி விழ வேண்டும் என்று கேட்கும் புத்தி அன்று எனக்கில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் மெஷின் பாதியில் நின்றது. என்னவென்று பார்க்கப் போய் அதன் பக்கவாட்டுத் தகட்டில் கை வைத்தேன். ஷாக் அடித்துக் கையை உதறித் தள்ளியது. காலில் ரப்பர் செருப்பு இருந்தது. இல்லாமல் ஈரத் தரையில் நின்றிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். ஓடாத மெஷின் எப்படி ஷாக் அடிக்கும்?

வேறு ஒரு பெரியவரைக் கூப்பிட்டேன். மெயினை அணைத்துவிட்டு ப்ளேட்டைக் கழற்றினார். "தம்பி, இங்க பாருங்க." சாக்கெட்டின் நியூட்ரல் முனையிலிருந்து (கரன்ட் திரும்பிப் போகும் வழி) எர்த் முனைக்கு ஓர் அங்குல நீளத்துக்கு ஒரு துண்டு ஒயர். அழகாகப் பச்சை நிறத்திலேயே. சுவருக்குள்ளிருந்து எர்த் ஒயர் என்று எதுவும் வரவே இல்லை. பல்பு எரிந்தது எர்த்தால் அல்ல, நியூட்ரலால். பேஸும் நியூட்ரலும் பக்கத்து லைட் சுவிட்ச் போர்டிலிருந்து 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் எடுத்தவை. முறுக்கி டேப் சுற்றியிருந்த நியூட்ரல் இணைப்பு சூட்டில் கருகி விட்டுப் போயிருந்தது.

நியூட்ரல் விட்டுப்போனதும் மெஷின் நின்றது. ஆனால் பேஸ் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே போன கரன்ட்டுக்குத் திரும்பும் வழி அடைபட்டது. அந்தப் பச்சைத் துண்டு வழியாக எர்த் முனைக்குப் போய், அதோடு இணைந்த மெஷின் உடம்புக்கு வந்து நின்றது. என்னைக் காப்பாற்ற வேண்டிய, ப்ளக்கின் எர்த் பின்தான் கரன்ட்டைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. எர்த்தே இல்லாமல் விட்டிருந்தால்கூட இந்த ஷாக் இருந்திருக்காது என்றார் பெரியவர்.

எம்சிபி விஷயம் தனிக் கூத்து. மெஷினுக்குள் இருக்கும் 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதே லைனில் அயர்ன் பாக்ஸ் போட்டால் 10 ஆம்பியர் எம்சிபி விழத்தான் வேண்டும். ஒயர் சூடாகிவிடக் கூடாது என்பதற்குத்தானே அது இருக்கிறது. 32 ஆம்பியர் போட்டபின் எம்சிபிக்கு முன்னால் ஒயர்தான் உருகும். கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருந்திருந்தால் 30 மில்லியாம்பியர் கசிந்ததுமே துண்டித்திருக்கும். எங்கள் வீட்டில் அப்போது அது இல்லை, இப்போது இருக்கிறது.

பழைய ஆளுக்குப் போன் செய்தேன். "உங்க மெஷின்லதான் சார் கோளாறு" என்றார். பச்சைத் துண்டைப் பற்றிச் சொன்னதும் லைன் கட்டாயிற்று. எனக்காக வாங்கியதாகச் சொன்ன 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் யார் வீட்டுச் சுவருக்குள் போனதோ.

வேலை நடக்கும்போது வீட்டில் இருங்கள். சுவரைப் பூசுவதற்கு முன், மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு ப்ளேட்டுக்குப் பின்னால் பாருங்கள்: மூன்று ஒயரும் சுவருக்குள்ளிருந்து வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சாக்கெட்டில் எந்த இணைப்பும் இருக்கக் கூடாது. பல்பு வைத்துக் காட்டினால் நம்பாதீர்கள். எம்சிபி விழுகிறது என்று பெரிய எம்சிபியைக் கொண்டு வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இதெல்லாம் தெரிவதற்கு முன்பே, "கைராசிக்காரர்" என்று சொல்லி அதே ஆளை என் தங்கை வீட்டுக்கும் அனுப்பியிருந்தேன். அடுத்த ஞாயிறு பெரியவரையும் அழைத்துக்கொண்டு அங்கே போனேன். மூன்று பாயின்ட். மூன்றிலும் அதே பச்சைத் துண்டு.