மின்சாரம் போனால் தானாக எழுமா? தேயிலை ஷெட்டில் ஐந்து மழைக்காலம் பார்த்த பை, பிஎச்பி, எஸ்கியூலைட்

கோத்தகிரிப் பக்கம், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலையை எடை போட்டு வாங்கும் ஷெட். உள்ளே ஒரு மின்னணு எடைப் பொறி, 58 மி.மீ. தெர்மல் பிரிண்டர், 4 ஜிபி ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவுக் கணினி. அதில் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய கணக்கு மென்பொருளும் ஒரு எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பும். இவ்வளவுதான் அமைப்பு. யார் எத்தனை கிலோ போட்டார், ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, முன்பணம் எவ்வளவு, மாதக் கடைசியில் கையில் என்ன கிடைக்கும் என்பதுதான் அதன் வேலை.

"இன்னுமா பிஎச்பி? கோ மொழியில் எழுதலாமே, ரஸ்ட் மொழியில் எழுதலாமே" என்ற கேள்வி யாரிடமிருந்தாவது வந்துவிடும். ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால், அந்தக் கேள்விக்கே இடமில்லை. எந்த மொழியில் எழுதியது என்று மின்வெட்டு பார்ப்பதில்லை. கடைசியாகப் போட்ட எடை வட்டில் இறங்கிவிட்டதா, மின்சாரம் திரும்பியதும் யாரும் தொடாமல் ஷெட் மறுபடி ஓடுமா என்பதே கேள்வி.

முதல் எதிரி மின்வெட்டு அல்ல, மின் தாழ்வு. பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் சேர்ந்தால் பலகைக்குப் போய்ச் சேரும்போது 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். பை அதைப் பதிவேட்டில் "அண்டர்-வோல்டேஜ்" என்று எழுதிவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மென்பொருள் மந்தம் என்று புகார் வந்தால் நிரலைத் திறக்கும் முன் விசிஜென்சிஎம்டி கட்டளையில் த்ராட்டில் (வேகக்குறைப்பு) நிலையைப் பாருங்கள். பூஜ்யம் இல்லாத எண் வந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பவர் பேங்கை யூபிஎஸ் ஆக்குவதும் வேண்டாம். பல பவர் பேங்குகள் மின்சாரம் வரும்போதும் போகும்போதும் வெளியீட்டை ஒரு கணம் துண்டிக்கும். அந்த ஒரு கணம் போதும், பை மறுதொடக்கம் ஆகிவிடும்.

மெமரி கார்டில் தரவுத்தளம் வைப்பது கடன் வாங்கிச் சூதாடுவது மாதிரி. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு தன் உள்கணக்கையே தொலைத்துவிடலாம். அப்படித் தொலைத்தால் துவக்கமே நடக்காது. யூஎஸ்பி வழி எஸ்எஸ்டியிலிருந்து துவக்குவதுதான் சரி. அதில் இரண்டு சிக்கல் உண்டு. சில சாட்டா-யூஎஸ்பி மாற்றிகள் யூஏஎஸ் என்ற வேகமான யூஎஸ்பி வட்டு முறையில் தடுமாறி வட்டைக் காணாமல் போகச் செய்யும். அந்த மாற்றியின் அடையாள எண்ணைக் துவக்கக் கட்டளை வரிக் கோப்பில் (cmdline.txt) விதிவிலக்காகச் சேர்த்தால் அடங்கிவிடும். இரண்டாவது, யூஎஸ்பி 3 கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை இரைச்சலால் மூழ்கடிக்கும். வட்டைப் பலகையிலிருந்து தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

பை 4-இல் கடிகாரச் சில்லு கிடையாது. அணைந்து எழுந்தால், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து தொடரும். பிறகு இணையத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளும். சமவெளியில் இது குறையே இல்லை. மலையில் மின்சாரம் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும். மின்சாரம் திரும்பி நெட்வொர்க் வராத இடைவெளியில் போடும் ரசீதுகளில் நேற்றைய தேதி விழும். டிஎஸ்3231 சில்லு உள்ள சிறு பலகை இதற்கு மருந்து. ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவில்தான் பிசகும். 3.3 வோல்ட் ஊசியில்தான் இணைக்க வேண்டும். 5 வோல்ட்டில் இணைத்தால் சில்லோடு பேசும் பையின் ஐ2சி கால்களுக்கு ஆபத்து. மலிவான பலகைகளில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சுற்று வேறு இருக்கும், சார்ஜ் ஏற்றக் கூடாத சிஆர்2032 அதில் உப்பிப்போகும். பலகையைப் பொருத்தியபின், கடைசி நேரத்தைச் சேமித்துத் தரும் ஃபேக்-எச்டபிள்யூகிளாக் நிரலை நீக்க மறக்காதீர்கள்.

இனி எஸ்கியூலைட். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்டது, இன்று ஏறக்குறைய எல்லாப் போனிலும் இருக்கிறது. அதை "விளையாட்டுத் தரவுத்தளம்" என்பவர்கள் ஒரே ஷெட்டில் நிமிடத்துக்குச் சில பதிவுகள் போட ஒரு தனி சர்வரை நிறுத்தி அதற்குக் காவலும் இருக்கட்டும். 2010 முதல் இதில், மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் டபிள்யூஏஎல் (WAL) முறை உண்டு. அதை இயக்கினால் கோப்புப் பெயருக்குப் பின்னால் 'வால்' என்று இன்னொரு கோப்பு முளைக்கும். தமிழில் படித்தால் பெயர் பொருத்தம் பிரமாதம். எழுதும்போதே மற்றவர் படிக்கலாம் என்பதுதான் இதன் லாபம். அதோடு ஆலோசனை சொல்பவர்கள் பலர், வட்டில் இறங்கும்வரை எவ்வளவு காத்திருப்பது என்று சொல்லும் 'சின்க்ரனஸ்' அமைப்பை ஃபுல்லிலிருந்து நார்மலுக்கு இறக்கு, வேகம் கூடும் என்பார்கள். அப்படி இறக்கினால் மின்வெட்டில் கோப்பு கெடாது, ஆனால் கடைசிச் சில பதிவுகள் காணாமல் போகலாம். போன் செயலிகளுக்கு அது பரவாயில்லை. இங்கே ரசீது விவசாயியின் கையில் இருக்கும், பதிவு கணக்கில் இருக்காது. அதைவிடப் பெரிய சண்டை ஷெட்டில் வேறில்லை. ஃபுல் என்றே விடுங்கள், ஒவ்வொரு எடையையும் தனித்தனி ட்ரான்சாக்‌ஷனாக முடியுங்கள், முடிந்தபிறகே அச்சுக்கு அனுப்புங்கள். எஸ்எஸ்டியில் அந்தத் தாமதம் கண்ணுக்கே தெரியாது.

வட்டு "எழுதிவிட்டேன்" என்று பொய் சொல்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். ஒரு சிறு நிரல் 1, 2, 3 என்று வரிசையாகத் தரவுத்தளத்தில் எழுதட்டும். ஒவ்வொன்றும் முடிந்தபின் அதே எண்ணை வைஃபையில் போனுக்கு அனுப்பட்டும். ஓடும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். எழுந்ததும் தரவுத்தளத்தின் கடைசி எண், போனில் வந்த கடைசி எண்ணைவிடக் குறைவாக இருந்தால் அந்த வட்டோ மாற்றியோ நம்பத் தகாதது. ஒரு தடவை போதாது, பத்துப் பதினைந்து முறை பிடுங்கிப் பார்க்க வேண்டும்.

காப்புப் பிரதிக்குக் கோப்பை வெறுமனே நகலெடுக்கக் கூடாது. வாலை விட்டுத் தலையை மட்டும் எடுத்த கதையாகிவிடும். 'வேக்யூம் இன்டு' கட்டளை முழுப் பிரதி ஒன்றைத் தனிக் கோப்பாகத் தரும். அதைப் பென் டிரைவில் போடுங்கள்.

சரி, மொழிச் சண்டைக்கு வருவோம். இதே மென்பொருளின் முதல் வடிவம், ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோடில் இருந்தது. நோடைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதன் சுற்றம்தான் பெரிது. 2016-இல் 11 வரி கொண்ட லெஃப்ட்-பேட் என்ற பொதி, நோடின் பொதிக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து நீக்கப்பட்டதும் எத்தனையோ திட்டங்கள் கட்டப்பட முடியாமல் நின்றன. நோடின் பெரும்பதிப்பு மாறும்போது எஸ்கியூலைட்டோடு பேசும் பொதியை மறுபடி கம்பைல் செய்ய வேண்டிவரலாம். சிக்னல் ஒரு கோடு காட்டும் ஷெட்டில் அதற்கான கருவிகளை இறக்குவது அரை நாள் வேலை. பிஎச்பி, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தோடு வருகிறது, பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடே வருகின்றன. அழகில்லாத மொழி, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு கோரிக்கையும் புதிதாகத் தொடங்கி முடிந்து செத்துவிடுவதால், வாரக்கணக்கில் ஓடி நினைவகம் கசிந்து நிற்கும் பேச்சே இல்லை.

பிஎச்பியும் ஒரு இடத்தில் கடித்தது. டெபியன் 11-இல் இருந்த 7.4-லிருந்து 12-இன் 8.2-க்குப் போனபோது, பூஜ்யமும் காலிச் சரமும் சமமா என்ற கேள்விக்கு விடை மாறியது. 7 வரை ஆமாம், 8 முதல் இல்லை. எடைப் பெட்டியைக் காலியாக விட்டால் தடுக்கும் சோதனை இரட்டைச் சமக்குறியை நம்பியிருந்தால் அது சத்தமில்லாமல் வழிவிடும். மூன்று சமக்குறி போட்டுக் காலிச் சரத்தோடேயே ஒப்பிடுங்கள். எடையைக் கிராமிலும் பணத்தைப் பைசாவிலும் முழு எண்ணாகவே வையுங்கள். 4.35-ஐ 100-ஆல் பெருக்கி முழு எண்ணாக வெட்டினால் 434 வரும். இது பிஎச்பியின் குற்றமில்லை, பைதானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இதே கதைதான்.

எடைப் பொறியைப் படிக்கும் சிறு நிரல் மட்டும் கோ மொழியில் இருக்கிறது. மேசைக் கணினியில் கம்பைல் செய்து ஒரே கோப்பாகக் கொண்டுவந்து வைத்தால் வேலை முடிந்தது. பையில் 32 பிட் இயங்குதளம் இருந்து 64 பிட்டுக்குக் கட்டினால் ஓட மறுக்கலாம், அதை மட்டும் கவனிக்க வேண்டும். பொறியின் கேபிளைக் கழற்றி மாட்டினால், லினக்ஸ் அதற்கு வைத்த ttyUSB0 என்ற பெயர் ttyUSB1 ஆகிவிடலாம். விலை குறைந்த சிஎச்340 யூஎஸ்பி-சீரியல் மாற்றிகளில் தனி வரிசை எண் இருக்காது என்பதால், எந்தத் துளையில் செருகியது என்பதை வைத்து அடையாளம் காணும் பாதையைப் பயன்படுத்துங்கள். பொறி "நிலைத்தது" என்று குறி அனுப்பிய பிறகே எடையை எடுக்க வேண்டும். சாக்கு ஆடும்போது எடுத்தால் கால் கிலோ இங்கும் அங்கும் போகும். ரஸ்ட்? நல்ல மொழி. நிமிடத்துக்கு நாலு மூட்டை வரும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

மொழிகளின் உண்மையான தராதரம் தெரிவது தமிழில்தான். "தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன? கோவின் லென்னும் பிஎச்பியின் எஸ்டிஆர்லென்னும் 15 என்கின்றன, அது பைட் கணக்கு. பைதானும் ஜாவாஸ்கிரிப்டும் 5 என்கின்றன, அது குறியெண் கணக்கு. ஸ்விஃப்ட் மொழி 3 என்கிறது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்வதும் அதுதான். ரசீதில் பெயரைப் பைட்டாக வெட்டினால் கேள்விக்குறிக் கட்டம் வரும். குறியெண்ணாக வெட்டினால் 'முருகன்' புள்ளி இழந்து 'முருகன' ஆவார். பிஎச்பியின் இன்டல் நீட்சியில் உள்ள, முழு எழுத்தாக எண்ணும் கிராபீம் செயல்கள்தான் சரியாக வெட்டும்.

தேடலில் இன்னொரு கண்ணி. 'கோத்தகிரி'யின் 'கோ'வை ஒற்றைக் குறியாகவும் போடலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் போடலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பதியும்போதே யூனிகோடின் ஒருமைப்படுத்திய என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றாவிட்டால் ஒரே ஊர் இரண்டு ஊராகும். அகரவரிசையும் அப்படித்தான். எஸ்கியூலைட் குறியெண் வரிசையில் அடுக்குவதால் பழனி முன்னாலும் பவானி பின்னாலும் வரும், கமலாவுக்கு முன் கனகா வருவார். தமிழ் அகரவரிசை தெரிந்த கொலேட்டரைத் தரவுத்தளத்தின் அமைப்பிலேயே சேர்த்தால் வேறு கருவியில் கோப்பைத் திறக்கும்போது பிழை வரும். பட்டியலை வெளியே எடுத்தபின் பிஎச்பியிலேயே அடுக்குவது தொந்தரவில்லாத வழி.

பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. ரசீதை 384 புள்ளி அகலப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். பிஎச்பியின் படம் வரையும் ஜிடி நூலகம் குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்கி 'கொ'வின் கொம்பைக் கலைத்துவிடக்கூடும். எழுத்துகளை முறையாக அடுக்கும் பேங்கோ நூலகம் வழி வரைந்தால் சரியாக விழும்.

விவசாயிகள் போனில் பார்க்கும் கணக்குப் பக்கம் பையில் இல்லை. மொபைல் இணைப்பில் வெளியிலிருந்து அணுகும் பொது ஐபி முகவரி பெரும்பாலும் கிடைக்காது என்பதால் மாலையில் ஆளுக்கொரு வெறும் எச்டிஎம்எல் கோப்பாக உருவாக்கி வெளிச் சர்வருக்கு ஏற்றப்படுகிறது. ஒரு பக்கத்தை 14 கிலோபைட்டுக்குள் அடக்கினால் இணைப்பின் முதல் சுற்றிலேயே வந்துவிடும். தமிழ் எழுத்துருவை இறக்கச் செய்ய வேண்டியதில்லை, ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. ஷெட்டுக்குள் படிவத்தில் ஒரு எச்சரிக்கை: பதில் வரத் தாமதமானால் விரல் இன்னொரு முறை தட்டும், மூட்டை இரண்டாகும். ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு தனிக் குறியீடு கொடுத்து, தரவுத்தளத்தில் அது ஒருமுறைதான் நுழையலாம் என்று கட்டிவிடுங்கள்.

குளிர் இந்தப் பலகைக்கு நல்லதுதான். வெறும் அலுமினியத் தகடு ஒட்டினால் போதும், 80 டிகிரி வரம்புப் பக்கமே போகாது. ஈரம்தான் தொல்லை. இரவில் அணைத்துக் காலையில் போடுவதைவிட ஓடவே விட்டால் தன் சூட்டில் தானே உலர்ந்திருக்கும். பெட்டியைத் தரையிலோ ஈரச் சுவரிலோ வைக்க வேண்டாம்.

இன்று புதிதாக வாங்குவதென்றால் பை 5. கடிகாரச் சில்லு பலகையிலேயே உண்டு. பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும், அதற்குச் சார்ஜ் ஏறுவதும் அமைப்பில் இயக்கினால்தான் நடக்கும். பழைய 3 ஆம்பியர் அடாப்டரையே மாட்டிவிடாதீர்கள். யூஎஸ்பி துளைகளுக்கு மொத்தம் 600 மில்லி ஆம்பியர்தான் கிடைக்கும், எஸ்எஸ்டி திணறும்.