நாலு மணி நேர மாத்திரையா, முழுநாள் மாத்திரையா?

என் மகன் இரண்டையும் விழுங்கிப் பார்த்தவன். ஏடிஎச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத, துறுதுறுப்பு அடங்காத குறைபாடு என்று டாக்டர் சொன்னபோது அவனுக்கு ஏழு வயது. முதல் நாலு மாதம் சாதாரண மாத்திரை, அதன்பிறகு ஒன்றரை வருடமாக முழுநாள் மாத்திரை. அதனால் நான் நடுநிலையாக எழுதப்போவதில்லை. முழுநாள் மாத்திரை பக்கம்தான் என் ஓட்டு.

மருந்து இரண்டிலும் ஒன்றேதான், மெத்தில்ஃபெனிடேட். ரிட்டாலின் என்ற சாதாரண மாத்திரை அரை மணி, முக்கால் மணியில் வேலையைத் தொடங்கி மூன்று நாலு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். கான்செர்டா அதே மருந்தை ஓட்டுக்குள் அடைத்து வைத்தது. மேல்பூச்சில் இருக்கும் கொஞ்சம் உடனே கரையும். மீதி மருந்து, உள்ளே நீர் ஊற ஊற, ஊசித் துளை மாதிரியான ஓட்டை வழியே மெல்ல வெளியே வரும். கிட்டத்தட்ட 12 மணி நேரம் தாங்கும். பக்க விளைவும் இரண்டுக்கும் பொது: பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும். எந்த மாத்திரையைச் சாப்பிட்டாலும் கிளினிக்கில் உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள்.

செலவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. இங்கே மலேசியாவில் அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி (ரிங்கிட்), மருந்தும் அதற்குள் அடக்கம். எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டிலிருந்து போய்வர அரை நாள் லீவு போகும், அவ்வளவுதான். தனியாரில் முழுநாள் மாத்திரையின் விலையை ஒருமுறை கேட்டேன். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தனியார் மட்டும்தான் உங்களுக்கு வழி என்றால் கணக்கு வேறாகலாம்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது பதினொரு மணி மாத்திரை.

காலை ஆறே முக்காலுக்குப் போடும் மாத்திரை பத்தரை, பதினொன்றுக்குள் தீர்ந்துவிடும். பள்ளி முடிவதோ ஒரு மணிக்கு. ஆகவே இரண்டாவது மாத்திரை பள்ளியில்தான் போட வேண்டும். யார் கொடுப்பது? இது காய்ச்சல் மருந்து இல்லை, சட்டப்படி கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. பிள்ளையின் பையில் போட்டு அனுப்ப மனம் வரவில்லை. வகுப்பாசிரியை நல்லவர், "கொடுங்க, நான் பார்த்துக்குறேன்" என்று வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தார். அவர் பயிற்சிக்குப் போன வாரம் சாவியும் அவரோடு போய்விட்டது. பதிலுக்கு வந்தவர், "ஏதாவது ஆனா யாரு பதில் சொல்றது?" என்று மாத்திரையைத் தொடவே மறுத்தார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

மாத்திரை ஒழுங்காகக் கிடைத்த நாட்களிலும் வேறொரு தொல்லை. பாடத்துக்கு நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தண்ணீர் பாட்டிலோடு முன்னால் வரச்சொல்லிக் கொடுப்பார்கள். முப்பது பிள்ளைகள் பார்ப்பார்கள். இரண்டு வாரத்தில் அதற்கு 'மெண்டல் மாத்திரை' என்று பெயர் வந்துவிட்டது. அப்புறம் ஒருநாள் சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவிக்குப் பையில் மூன்று மாத்திரைகள் கிடைத்தன. நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பியிருக்கிறான்.

இன்னொன்றும் உண்டு. மருந்தின் வேகம் தீரும் அந்த அரை மணி நேரம் அவன் முன்பைவிட அதிகமாக ஆடுவான், சின்ன விஷயத்துக்கும் அழுவான். நாங்கள் வீட்டில் பார்த்திராத இந்தக் கூத்தைப் பள்ளி தினமும் பார்த்தது. "மாத்திரை போட்டும் இப்படித்தானே இருக்கான்" என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது.

சின்ன ஊர். கேண்டீனில் பேசியது சாயங்காலம் கோயிலுக்கு வந்துவிடும். என்னோடு செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறவர் கேட்டார்: "நாமளும்தான் சின்ன வயசுல மரத்துக்கு மரம் தாவுனோம், நமக்கு யாருண்ணே மாத்திரை கொடுத்தா?" தாவியது உண்மைதான். ஆனால் டாக்டர் கேட்டது தாவுகிறானா என்று மட்டும் இல்லை. வீடு, பள்ளி இரண்டிலும் இப்படியா, ஆறு மாதத்துக்கு மேலாகவா, படிப்பும் சிநேகிதமும் கெடுகிறதா என்றெல்லாம் கேட்டு, பள்ளியிலும் படிவம் நிரப்பி வாங்கி வரச் சொல்லித்தான் முடிவுக்கு வந்தார். அதை லாரியடியில் நின்று எத்தனை பேருக்கு விளக்குவது? என் அம்மா முனீஸ்வரர் கோயில் கயிறு கட்டிவிட்டார். அது இன்னும் அவன் கையில் இருக்கிறது, அதில் எங்களுக்குச் சண்டை இல்லை.

முழுநாள் மாத்திரைக்கு மாறியதும் பள்ளிக்கு மாத்திரை போவதே நின்றது. எனக்கு அதுதான் பெரிது. காலையில் இரண்டு தோசை, மாத்திரை, பிறகு வேன். தோசை முதலில், அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். மத்தியானச் சோறு பாதிக்கு மேல் இறங்காது. ராத்திரி எட்டு மணிக்குப் பசி திரும்பும், அப்போது தட்டு நிறையப் போட வேண்டும். 'மெண்டல் மாத்திரை' என்ற பெயர் மறைய ஒரு பள்ளித் தவணை ஆனது.

இதற்கும் குறைகள் உண்டு. கடிக்கவோ உடைக்கவோ கூடாது, முழுசாக விழுங்கணும். சின்னச் சின்ன மிட்டாயை விழுங்க வைத்து ஒரு வாரம் பழக்கினோம். சனிக்கிழமை எழுந்திருக்கத் தாமதமாகிப் பத்து மணிக்குக் கொடுத்தால் ராத்திரி பதினொன்றரைக்கும் கண் கொட்டக் கொட்ட விழித்திருப்பான். நாலு மணி நேர மாத்திரையில் இந்தத் தொல்லை இல்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும், அளவை அரை அரையாகக் கூட்டிப் பார்க்கலாம். எங்கள் டாக்டர் அதில் ஆரம்பித்தது அதற்காகத்தான், அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அப்புறம், கான்செர்டாவின் வெற்று ஓடு கரையாமல் மலத்தோடு அப்படியே வெளியே வரும். இதை எங்கள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்ல மறந்துவிட்டோம். "மாத்திரை செரிக்கவே இல்லடா" என்று அவர் போட்ட சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டது.

ஆட்டோமோக்ஸிட்டின் என்று மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. மெத்தில்ஃபெனிடேட் வகையைச் சேராத மருந்து, முழுப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். நாங்கள் அதைத் தொட்டதில்லை என்பதால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. நான் எழுதியதும் ஒரே பையனை வைத்துத்தான். பகலில் கனவு கண்டபடி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஏடிஎச்டி உண்டு. அவர்களுக்கு வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இன்னும் கூச்சமாக இருக்குமோ என்னவோ.

இடைநிலைப்பள்ளிக்குப் போய் டியூஷன் இரவு வரை நீண்டால், மாலையில் ஒரு சாதாரண மாத்திரையையும் சேர்க்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வரட்டும். அதை வீட்டில் வைத்து என் மனைவி கொடுப்பாள்.