நாலு இஞ்ச் ரெயின் கேஜ், ஒரு ஐப்பசி முழுக்க நனைய விட்டுப் பாத்தாச்சு

மொதல்லயே சொல்லிடறேன், இது போனோ மிக்ஸியோ இல்ல, மழை அளக்கற பிளாஸ்டிக் குழாய். இதுக்கெல்லாமா ரிவ்யூன்னு வீட்லயே சிரிச்சாங்க. வாங்கறதுக்கு முன்னாடி தமிழ்ல தேடிப் பாத்தேன், உருப்படியா ஒண்ணும் சிக்கல, அதான் நானே எழுதிடறேன். நமக்கு சேலம், கோரிமேடு பக்கம். மாடில நின்னா வடக்க சேர்வராயன் மலை அப்படியே முழுசா தெரியும். மலை காணாம போச்சுன்னா இன்னும் பத்து நிமிஷத்துல கொடில இருக்கற துணிய எடுக்கணும், எங்க அம்மாவுக்கு தெரிஞ்ச வானிலை அறிக்கை அவ்வளவுதான், அது பெரும்பாலும் தப்பாவும் போனதில்ல.

இத வாங்குனதுக்கு காரணமே எங்க மாமா கூட வந்த சண்டை. அக்கா வீட்டுக்காரர், ஏற்காட்ல நாகலூர் பக்கம் கொஞ்சம் காபி, மிளகு வச்சிருக்கார். 2024ல ஃபெஞ்சல் புயல் வந்துச்சுல்ல, நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி கிட்ட கரைய கடந்துட்டு, கடந்தோமா போனோமான்னு இல்லாம அங்கயே உக்காந்துகிட்டு, அப்புறம் சோர்ந்து போயி மெதுவா உள்மாவட்டம் பக்கம் நகந்து வந்துச்சு. புயல்னா மெட்ராஸ் கடலூர் காரங்க கவலைன்னு இருந்த நம்ம பக்கமெல்லாம் அன்னிக்குதான் அரண்டு போச்சு. டிசம்பர் 2 காலைல கணக்கெடுத்தப்ப ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர், ஏற்காட்ல 24 சென்டிமீட்டர். மலைப்பாதைல மண்ணும் பாறையும் சரிஞ்சு போக்குவரத்தையே நிறுத்திட்டாங்க. மாமாவுக்கு போன் போட்டா, மனுசன் ரோட்டப் பத்தி பேசல, "மாப்ள, நியூஸ்ல 24ங்கறான், எங்க வாசல்ல வச்ச அண்டா நிறைஞ்சு வழியுது, அரை மீட்டருக்கு கொறையாதுடா, இவனுங்க ஆபீஸ்ல உக்காந்து எழுதறானுங்க"ன்னு ஒரே கோவம். நானும் ஆமாமான்னு கேட்டுட்டு அப்புறம்தான் அக்காகிட்ட விசாரிச்சேன், அண்டா இருந்தது ஓட்டுத் தாழ்வாரத்துக்கு நேர் கீழ. பாதிக் கூரைத் தண்ணி அதுக்குள்ளதான் விழுந்திருக்கு.

இத சொன்னா மாமா ஒத்துக்கவே இல்ல. சரி அளந்தே காட்டிடலாம்னு வீம்புல இறங்குனேன்.

மொத தடவை புத்தி கெட்டுப் போய் டிஜிட்டல் வாங்கிட்டேன். வெளிய ஒரு டப்பா, வீட்டுக்குள்ள ஒரு குட்டி டிவி மாதிரி டிஸ்ப்ளே, பாக்க ஜம்முனு இருந்துச்சு. உள்ள சீசா பலகை மாதிரி ஒரு குட்டி கரண்டி இருக்கும், தண்ணி நிரம்புனா டக்குனு சாயும், எத்தன தடவை சாஞ்சுதோ அத எண்ணி மழைய சொல்லும். தூறலுக்கு சரியாதான் சொல்லுச்சு. கொட்ட ஆரம்பிச்சாதான் பிரச்சனை, கரண்டி சாஞ்சு நிமிர்ற அந்த நேரத்துல விழற தண்ணி கணக்குலயே வராது, மழை வலுக்க வலுக்க கம்மியா காட்டும். இது இந்த வகை கருவிக்கே உள்ள கொறைன்னு அப்புறம்தான் படிச்சேன். எதுக்கு வாங்குனமோ அந்த அடைமழைக்குத்தான் அது கை விரிக்குது. ரெண்டாவது மாசம் உள்ள எறும்பு கூடு கட்டி கரண்டி சாயறதே நின்னு போச்சு, வெளிய தெருவுல தண்ணி ஓடுது, டிஸ்ப்ளேல சைபர். கம்பெனி பேர் வேணாம், திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க, அத விடுங்க.

அப்புறம் வாங்குனதுதான் இந்த நாலு இஞ்ச் குழாய். பேட்டரி கிடையாது ஒரு மண்ணும் கிடையாது. பெரிய குழாய் ஒண்ணு, அதுக்குள்ள ஒல்லியா இன்னொரு குழாய், மேல நாலு இஞ்ச் அகல வாயோட ஒரு புனல், அவ்வளவுதான். சூட்சுமம் என்னன்னா, புனல் வாயோட பரப்பு உள் குழாய விட பத்து மடங்கு. அதனால வெளிய 1 மில்லிமீட்டர் மழை பேஞ்சா உள்ள 10 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிக்கும், கண்ணாடி போட்ட எங்க அப்பாவே படிச்சிருவார். உள் குழாய் 25 மில்லிமீட்டரோட நிரம்பிடும், அதுக்கு மேல பேஞ்சா வெளிக் குழாய்ல வழிஞ்சு சேரும், காலைல உள்ள இருக்கறத ஊத்திட்டு வெளில இருக்கறத அதே குழாய்ல ஊத்தி ஊத்தி அளந்து கூட்டிக்கணும். கனமழை அன்னிக்கு இது கொஞ்சம் பொறுமைய சோதிக்கும், மழைக்கோட்ட போட்டுகிட்டு மாடில குந்தி ரேஷன் கடைல மண்ணெண்ணெய் அளக்கற மாதிரி அளக்கணும், ஒரு சொட்டு சிந்துனாலும் மனசு கேக்காது. மில்லிமீட்டர் கோடு போட்டதான்னு கேட்டு வாங்குங்க, இஞ்ச் கோடு போட்டதும் விக்கறாங்க, அத வாங்குனா தினமும் 25.4ஆல பெருக்கிகிட்டே இருக்கணும்.

எங்க வைக்கறோம்ங்கறதுலதான் பாதி விசயம். நான் மொதல்ல தண்ணி டேங்க் ஸ்டாண்டுல கட்டிட்டேன், காத்து ஒரு பக்கமா அடிச்சா டேங்க் மறைச்சு பாதி மழை உள்ளயே விழல. பக்கத்துல மரமோ சுவரோ இருந்தா அதோட உயரத்துக்கு ரெண்டு மடங்காவது தள்ளி வைக்கணுங்கறாங்க, நம்ம ஊர்ல சுவரோடு சுவரா ஒட்டிக் கட்டின வீட்ல அதுக்கு எங்க போறது, மொட்டை மாடி நடுவுல கட்டைய நட்டு வச்சேன். மாடியில காத்து ஜாஸ்தி, கொஞ்சம் கம்மியாதான் விழும், அது தெரிஞ்சேதான் வச்சிருக்கேன். தோட்டம் இருக்கறவங்க தரையில வைங்க.

2025 ஐப்பசி இதுக்கு சரியான பரீட்சை. வடகிழக்கு பருவமழை வழக்கமா அக்டோபர் 20 வாக்குல வரும், அந்த வருசம் 16-ம் தேதியே வந்திருச்சு, தீபாவளிக்கு வெடி காய வைக்க வெயில் இல்லாம பசங்க அடுப்படியில கொண்டு வந்து வைக்கப் பாத்து அம்மாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிகிட்டாங்க. அக்டோபர் கடைசில மோந்தா புயல்னு ஒரே பரபரப்பு, அது ஆந்திரா பக்கம் போயிருச்சு. இடைல ஈரம் காயவே இல்ல, துவைச்ச பேண்ட்ல மூணு நாளு பூஞ்சை வாசம். ஜவ்வரிசி ஆலைக்காரங்களுக்கு களத்துல காய வைக்க வெயில் வேணும், அவங்க பாடு திண்டாட்டம். சேலத்துலயே அம்மாப்பேட்டைல என் கூட வேலை பாக்கற பையன் வீட்ல குழித்தறி, தரைல ஈரம் ஊறி குழிக்குள்ள தண்ணி நிக்குது, பாவு நமத்துப் போயிருச்சுன்னு தறிய நிறுத்திட்டு உக்காந்திருந்தாங்க.

அந்தப் பையனாலதான் ஒரு விசயம் புரிஞ்சுது. ஒரு நாள் ராத்திரி இடின்னா இடி, காலைல என் குழாய்ல 60 மில்லிமீட்டர் தாண்டி இருந்துச்சு, ஆபீஸ்ல போய் பெருமையா சொல்றேன், அவன் "அண்ணா எங்க தெருவுல ரோடு நனைஞ்சுதோட சரி"ங்கறான். கோரிமேட்டுக்கும் அம்மாப்பேட்டைக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கு? நான் மொதல்ல குழாய்தான் ரிப்பேரோன்னு சந்தேகப்பட்டேன். அப்படி இல்லயாம், அக்டோபர்ல நமக்கு பெய்யறதுல நிறைய சாயங்கால இடிமழை, பகல் பூரா சூடேறி மலை ஓரத்துல மேகம் கட்டி, கட்டுன இடத்துலயே கொட்டிட்டு போயிரும், கன்னங்குறிச்சில வெள்ளமா இருக்கும், கொண்டலாம்பட்டில புழுதி பறக்கும். காத்தழுத்தத் தாழ்வு வந்தாதான் ஊர் பூரா ஒரே மாதிரி பெய்யும், அந்த மாதிரி நாள்ல அவன் சம்படத்துல அளந்ததும் என் குழாயும் கிட்டத்தட்ட ஒண்ணாவே வந்துச்சு. ஆமா, நேரா நிக்கற எவர்சில்வர் சம்படத்த வெட்டவெளில வச்சு ஸ்கேல விட்டு அளந்தாலும் ஓரளவுக்கு சரியா வரும், குழாய் வாங்க யோசிக்கறவங்க அத செஞ்சு பாருங்க. வயிறு பெருத்த அண்டா, கீழ சிறுத்த பக்கெட்டெல்லாம் ஆகாது.

அப்புறம் நியூஸ்ல சேலத்துல இத்தனை சென்டின்னு சொல்றது ஒரு எடத்துல வச்ச கருவில விழுந்தது, உங்க தெருவுக்கு அது பொறுப்பில்ல. மேட்டூர் நிரம்பிருச்சுன்னா நம்ம ஊர்ல நல்ல மழைன்னு நினைக்கற சொந்தக்காரங்க வேற இருக்காங்க, அந்தத் தண்ணில முக்காவாசி கர்நாடகாலருந்து வர்றது.

நேரமும் முக்கியம். வானிலை மையத்துக்கு ஒரு நாள்னா காலைல 8.30லருந்து மறுநாள் 8.30 வரைக்கும், முடியற நாள் தேதியதான் போடுவாங்க. இது தெரியாமத்தான் நானும் மாமாவும் ஒரு வாரம் "ஒண்ணாந்தேதி மழை, ரெண்டாந்தேதி மழை"ன்னு வேற வேற மழைய வச்சு அடிச்சுகிட்டோம். 6.45 சென்டிய, அதாவது 64.5 மில்லிமீட்டர தொட்டாதான் அவங்க கணக்குல கனமழை, 11.56லருந்து மிக கனமழை, 20.44ஐ தாண்டுனா அதி கனமழை. எங்க பையனுக்கு இப்ப இது மனப்பாடம், தினமும் காலைல போர்வைக்குள்ளருந்தே "அப்பா 64 தாண்டுச்சா?"ன்னு கேப்பான். கலெக்டர் லீவ விடியறதுக்குள்ள சொல்லிருவாரு, நீ 8.30க்கு அளந்து என்ன பிரயோசனம்னு அவங்கம்மா கேக்கறதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

ஆனா ஒரு பிரயோசனம் இருந்துச்சு. ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் விழுந்தா ஒரு லிட்டர். எங்க மாடி ஆயிரம் சதுர அடி, மில்லிமீட்டருக்கு 93 லிட்டர். 60 பேஞ்ச அன்னிக்கு ஒக்காந்து கணக்குப் போட்டா அஞ்சாயிரத்து ஐநூறு லிட்டர் வருது, மே மாசத்துல காசு குடுத்து கூப்பிடறோமே அந்த ஒரு லாரித் தண்ணி, ஒரே ராத்திரில. அது எங்க போச்சுன்னு குழாய் பின்னாடியே போய்ப் பாத்தா, 2003ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னப்ப அவசரத்துக்கு வெட்டுன குழி மண்ணும் குப்பையும் அடைச்சு மூடிக் கெடக்கு, தண்ணி மொத்தமும் சாக்கடை வழியா திருமணிமுத்தாறுக்கு போயிட்டிருக்கு. ஆள விட்டு குழிய தோண்டி கூழாங்கல்ல மாத்திப் போட்டோம், கேஜ் விலைய விட அதுக்கு ஆன செலவு ஜாஸ்தி, அதயும் பட்ஜெட்ல சேத்துக்கோங்க.

குறைன்னா, கட்டைல மாட்டற ஸ்க்ரூ ஒரே மாசத்துல துரு ஏறிருச்சு, எவர்சில்வர் ஸ்க்ரூவா மாத்திட்டேன். காக்கா புனல் விளிம்புல வந்து உக்காந்து அசிங்கம் பண்ணும், வேப்பிலை அடைச்சுக்கும், தினமும் ஒரு பார்வை பாக்கணும். தண்ணிய கொட்டாம விட்டா கொசு வேற. டெங்குவுக்கு வீடு வீடா வர்ற அக்கா மாடிக்கு வந்து பாத்துட்டு "என்னங்க சார் இது, தேங்காத் தொட்டி கூட வைக்காதீங்கன்னு சொல்றோம், நீங்க குழாய் போட்டு சேத்து வைக்கறீங்க"ன்னு கேட்டுட்டாங்க. தினமும் கொட்டிடறேங்கன்னு மழைக் கணக்கு எழுதற நோட்ட காட்டுனதும்தான் சிரிச்சாங்க. சேலம் சித்திரை வெயில்ல பிளாஸ்டிக் என்ன ஆகும்னு இப்ப சொல்ல மாட்டேன், மழை இல்லாத மாசத்துல கழட்டி உள்ள வச்சிடறதா ஐடியா.

ஆயிரத்து சொச்சம் ஆச்சு. அஞ்சுக்கு நாலரை போடலாம், அரை மார்க் அந்த ஸ்க்ரூவுக்கு.

தீபாவளி சீருக்கு மாமாவுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். மூஞ்ச தூக்கி வச்சுகிட்டேதான் வாங்குனார், ஆனா இப்ப என்னை விட மோசம், காலைல 8.31க்கு போன் வந்திரும். பழுத்த காபிப் பழம் மழைல வெடிச்சு உதிந்து போற கவலையெல்லாம் அப்புறந்தான், நம்பர்தான் மொதல்ல. பெரும்பாலும் அவர் குழாய்ல என்னோடத விட கூடதான், மலை மேலல்ல, அந்த சந்தோசம் அவர் குரல்லயே தெரியும். அண்டாவ அக்கா பழையபடி வெந்நீருக்கு எடுத்துகிட்டாங்க. போன வாரம் போன்ல ஆளு ரொம்ப சீரியஸா, "மாப்ள, புனலுக்குள்ள ஒரு குட்டித் தவளை உக்காந்திருக்கு, அத எடுத்துட்டு அளக்கணுமா, அளந்துட்டு எடுக்கணுமா?"ன்னு கேக்கறார்.